மீட்டர் காட்டும் நம்பரில் காயிலுக்கு எவ்வளவு, வயருக்கு எவ்வளவு?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சுநடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

தெர்மகோல் கட்டர் எபிசோடுக்கு அப்புறம் வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான். "அண்ணா, காயில் ரெசிஸ்டன்ஸ் பார்க்க எந்த மீட்டர் வாங்கலாம்?" ஒரு மாடலைச் சொல்லிட்டு நகர்ந்துடலாம். ஆனா நீங்க அளக்கப்போற பொருள் 2 ஓம், 1 ஓம், சில சமயம் அதுக்கும் கீழே. அந்த இடத்துல நல்ல மீட்டரும் தப்பா காட்டும். தப்பா காட்டுதுன்னு சொல்றதைவிட, நீங்க கேட்காத ஒண்ணையும் சேர்த்துக் காட்டும்னு சொல்றதுதான் சரி. அதனால இன்னைக்கு முழுக்க அளக்கறதைப் பத்தித்தான் பேசப்போறோம். எதை வாங்கறதுங்கறது நடுவுல தானா வந்துடும்.

தெர்மகோல்னதும் வைகை அணை ஞாபகம் வந்தா அதுக்கு நான் பொறுப்பில்லை. நான் பேசறது மேடை அலங்காரம், குறும்பட செட், ஆர்க்கிடெக்சர் மாடல், கொலுவுக்குக் கோபுரம் செய்யற தெர்மகோல். அதைச் சூடான கம்பியால வெட்டறோம். கம்பி நிக்ரோம். சின்னதா கையில பிடிக்கிற கட்டர்னா, உள்ள ஒரு 18650 லித்தியம் செல்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிடறேன். சின்ன காயில், ஒரு ஓமுக்குக் கீழே அளக்கறதுன்னு இணையத்துல தேடினா வர்றதுல பெரும்பாலானது வேப் காயில் கட்டறவங்க எழுதினது. அவங்க காயில் 0.2, 0.3 ஓம்னு போகும். அதுக்குன்னே தனியா ஓம் மீட்டர் வெளிநாடுகள்ல விக்கறாங்க. இந்தியாவில் 2019-ல் வந்த சட்டப்படி இ-சிகரெட் தயாரிக்கிறது, விக்கிறது, இறக்குமதி பண்றது, விளம்பரம் பண்றது எல்லாத்துக்கும் தடை இருக்கு. அந்தப் பக்கம் நான் போகல. ஆனா அவங்க கத்துக்கிட்ட பாடத்துல பாதி நமக்கும் பொருந்தும். கம்பி அதே கம்பி, செல்லும் அதே செல்தான். அங்க இருந்து நாம அப்படியே எடுத்துக்கக் கூடாத ஒரு விஷயமும் இருக்கு. முதல்ல அதைப் பார்ப்போம்.

நிக்ரோம்னா நிக்கலும் குரோமியமும் சேர்ந்த கலவை. நமக்கு வேண்டியது 80-க்கு 20. ஆல்பர்ட் மார்ஷ்ங்கற அமெரிக்கர் 1906-ல் காப்புரிமை வாங்கினது. உங்க வீட்டு டோஸ்டர், அயர்ன் பாக்ஸ், ஹேர் டிரையர் எல்லாத்துக்கும் பூர்வீகம் அதுதான். ஒரே நீளம், ஒரே தடிமன்ல எடுத்தா செம்பைவிட அறுபது மடங்குக்கும் மேல மின்தடை. சூடாகிச் சிவந்தாலும் துருப்பிடிச்சு உதிராது. அதைவிட நமக்கு முக்கியமானது, சூடானாலும் மின்தடை பெரிசா மாறாது. சில சதவீதம்தான் ஏறும். பழைய குண்டு பல்பை மீட்டர்ல வெச்சுப் பார்த்திருப்பீங்க. எரியும்போது இருக்கிற மின்தடையில பத்துல ஒரு பங்குகூட அணைஞ்சிருக்கும்போது காட்டாது, ஏன்னா அதுல இருக்கறது டங்ஸ்டன். நிக்ரோம்ல அந்த வம்பு இல்ல. ஆறியிருக்கும்போது அளந்த நம்பரை வெச்சே கணக்குப் போடலாம். அதனாலதான் அந்த ஆறின நம்பர் சரியா இருக்கணும்னு இவ்வளவு பேசறேன்.

இப்ப அந்த எடுத்துக்கக் கூடாத விஷயம். ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ உங்க ஊர் எலக்ட்ரிக்கல் கடையிலோ "24 கேஜ் நிக்ரோம்"னு கேட்டா பெரும்பாலும் கிடைக்கறது எஸ்.டபிள்யூ.ஜி அளவு. பழைய பிரிட்டிஷ் கணக்கு. இணையத்துல வேப் ஆட்கள் போட்டிருக்கிற அட்டவணை ஏ.டபிள்யூ.ஜி, அமெரிக்கக் கணக்கு. ரெண்டுலயும் 24-னுதான் இருக்கும். ஆனா எஸ்.டபிள்யூ.ஜி 24 கம்பியோட விட்டம் 0.56 மி.மீ, ஏ.டபிள்யூ.ஜி 24 வெறும் 0.51 மி.மீ. பார்க்க வித்தியாசமே தெரியாது. மின்தடைல தெரியும். முதல் கம்பி மீட்டருக்குச் சுமார் 4.4 ஓம், ரெண்டாவது 5.3 ஓம். அமெரிக்க அட்டவணையை வெச்சு நம்ம ஊர் கம்பியை வெட்டினா, நீங்க நினைச்சதைவிட மின்தடை குறைவாத்தான் வரும். குறைவான மின்தடைன்னா அதிகமான கரண்ட். இந்த திசையை ஞாபகம் வெச்சுக்கங்க. இந்த எபிசோடுல எல்லாத் தப்பும் அதே பக்கமாத்தான் சாயப்போகுது.

சரி, மீட்டருக்கு வருவோம். வீட்டுல மல்டிமீட்டர் இருக்கறவங்க இப்பவே எடுங்க. மஞ்சளோ கறுப்போ, சில நூறு ரூபாய்க்கு வாங்கினதா இருந்தாலும் பரவாயில்ல. டயலை ஓம்ஸ் பக்கம் 200-க்குத் திருப்புங்க. இப்ப எதையும் அளக்காம, சிவப்பு முனையையும் கறுப்பு முனையையும் ஒண்ணோட ஒண்ணு நல்லா அழுத்திப் பிடிங்க. திரையில என்ன வருது?

பூஜ்யம் வரணும். ஆனா 0.2, 0.3 வரும். கொஞ்சம் பழைய வயர்னா 0.5கூட வரும். அது உங்க மீட்டரோட வயர், அதுக்குள்ள இருக்கிற மெல்லிய செம்பு இழை, ரெண்டு பக்கமும் இருக்கிற பிளக், முனையில படிஞ்ச அழுக்கு, எல்லாத்தோட மின்தடையும் சேர்ந்தது. ரெசிஸ்டர் பார்க்கும்போது இதை யாரும் கண்டுக்க மாட்டாங்க. 1000 ஓம்ல 0.3 இருந்தா என்ன, இல்லைன்னா என்ன. ஆனா நம்ம காயிலே மொத்தம் 0.3-தான்னா?

என் நண்பன் ஒருத்தன் எழுத்து செதுக்கற முனை ஒண்ணு செஞ்சான். தெர்மகோல்ல பள்ளம் போடறதுக்கு. 24 எஸ்.டபிள்யூ.ஜி கம்பியில 5 செ.மீ எடுத்து 'வி' மாதிரி வளைச்சான். மீட்டர்ல வெச்சா 0.5 ஓம். முழுசா சார்ஜ் ஆன செல் 4.2 வோல்ட். 4.2-ஐ 0.5-ஆல வகுத்தா 8.4 ஆம்பியர். "தாங்கும்டா"ன்னு சொல்லிட்டு ஸ்விட்சைப் போட்டான். கம்பி சிவக்கறதுக்கு முன்னாடி நாத்தம் வந்துடுச்சு. செல் ஹோல்டரோட பிளாஸ்டிக் இளகி, உள்ள இருந்த ஸ்பிரிங் தொய்ஞ்சு போச்சு. கையைச் சுட்டுக்கலை, அவ்வளவுதான் நல்ல காலம்.

கணக்கைத் திரும்பப் போடுங்க. மீட்டருக்கு 4.4 ஓம் கம்பியில 5 செ.மீன்னா 0.22 ஓம். அவன் மீட்டர் வயர் 0.3. கூட்டினா 0.52, திரை 0.5-ன்னு காட்டும். மீட்டர் பொய் சொல்லல. ரெண்டு முனைக்கு நடுவுல இருந்த எல்லாத்தையும் கூட்டிச் சொல்லிச்சு. ஆனா செல்லுக்கு மீட்டர் வயரோட எந்தச் சம்பந்தமும் இல்ல. அதுக்குத் தெரியறது 0.22 மட்டும்தான். 4.2 வகுத்தல் 0.22, 19 ஆம்பியர். 35 வாட்னு நினைச்ச இடத்துல 80 வாட். நிஜத்துல செல்லோட உள்தடை, ஹோல்டர், ஸ்விட்ச் எல்லாம் சேர்ந்து கொஞ்சம் குறைக்கும். குறைக்கறதுன்னா என்ன? அந்தச் சூடு ஹோல்டர்லயும் ஸ்விட்ச்லயும் இறங்குதுன்னு அர்த்தம். ஸ்பிரிங் தொய்ஞ்சது அதனாலதான்.

வயரோட மின்தடை எப்பவும் கூட்டல்தான், கழித்தல் ஆகாது. அதனால சாதா மீட்டர் சின்ன காயிலை எப்பவும் உள்ளதைவிடப் பெரிசாத்தான் காட்டும், நீங்களும் கரண்ட் உள்ளதைவிடக் குறைவுன்னுதான் நம்புவீங்க. அந்த கேஜ் அட்டவணையும் இதே பக்கம்தான் இழுத்துச்சு, ஞாபகம் இருக்கா? ரெண்டும் ஒண்ணு சேர்ந்தா, காகிதத்துல சரியா இருக்கிற கட்டர் கையில தீப்பிடிக்கும்.

"அப்ப 0.3-ஐக் கழிச்சுட்டா போச்சு"ன்னு நீங்க சொல்றது கேக்குது. கழிக்கணும்தான், கட்டாயம் கழிக்கணும். ஆனா அது மட்டும் போதாது. உங்க மீட்டரோட பேப்பர்ல ஓம்ஸ் 200-க்கு நேரா "±0.8% + 2 டிஜிட்"னு இருக்குன்னு வெச்சுக்குவோம். எல்லாரும் அந்த 0.8-ஐப் பார்த்து, அட, ஒரு சதவீதம்கூட இல்லைன்னு சந்தோஷப்படுவாங்க. சின்ன அளவுல உங்களை அடிக்கறது அந்த ரெண்டு டிஜிட். 200 ஓம் ரேஞ்சுல கடைசி டிஜிட் 0.1 ஓம். ரெண்டு டிஜிட்னா 0.2. அதாவது 0.5 காட்டற மீட்டர், விதிப்படி, 0.3-ல இருந்து 0.7 வரைக்கும் எதை வேணா சொல்லிட்டிருக்கலாம். அப்படியும் மீட்டர்ல குறைன்னு புகார் பண்ண முடியாது.

பீப் சத்தத்தைப் பத்தி ஒரு வார்த்தை. கன்டினியூட்டி மோடுல பீப் வந்தா "ஷார்ட்"னு ஒரு நம்பிக்கை இருக்கு. பெரும்பாலான மீட்டர்ல சில பத்து ஓமுக்குக் கீழே எதை வெச்சாலும் பீப் வரும். உங்க நல்ல காயிலுக்கும் பீப், ரெண்டு சுத்து ஒட்டிக்கிட்ட காயிலுக்கும் பீப், நேரா ஷார்ட் ஆனாலும் அதே பீப். கம்பி அறுந்திருக்கா இல்லையான்னு தெரிஞ்சுக்க மட்டும்தான் அது.

இப்ப வாங்கற கதை. கடைக்காரர் உங்களைப் பார்த்ததும், "தம்பி, சும்மா கரண்ட் வருதா இல்லையான்னு பார்க்கவா, இல்ல சீரியஸா வேலை செய்யவா?"ன்னு கேட்பார். சீரியஸ்னு சொன்னா "6000 கவுன்ட்" மீட்டரை எடுத்து வைப்பார். நல்ல மீட்டர்தான், நான் குறை சொல்லல. ஆனா வாங்கறதுக்கு முன்னாடி பின்பக்கமோ பேப்பரிலோ ஓம்ஸ்ல ஆகக் கீழ் ரேஞ்ச் என்னன்னு பாருங்க. 6000 கவுன்ட் மீட்டர்ல நிறைய "600.0"-ன்னு இருக்கும். புள்ளிக்கு அப்புறம் ஒரே ஒரு எண். அப்படின்னா கடைசி டிஜிட் அதே 0.1 ஓம், உங்க பழைய மீட்டர் மாதிரியே. பெரிய நம்பரைப் பார்த்துக் காசு கொடுத்தது நம்ம வேலைக்கு உதவாது. "60.00" ரேஞ்ச் இருக்கா, இல்ல 20,000 கவுன்ட்ல "200.00" இருக்கான்னு பாருங்க. 0.01 ஓம் வரைக்கும் காட்டறதுதான் நமக்கு வேணும்.

ரெண்டாவது, "ரெல்"னு போட்ட பட்டன். முனைகளைச் சேர்த்துப் பிடிச்சு அதை அழுத்தினா அந்த 0.3-ஐ மீட்டரே கழிச்சுக்கும். ஒவ்வொரு தடவை அளக்கறதுக்கு முன்னாடியும் செய்யணும். காலைல அழுத்தினதை சாயங்காலம் வரைக்கும் நம்பக் கூடாது, பிளக்கைக் கொஞ்சம் ஆட்டினாலே அந்த 0.3 0.4 ஆயிடும்.

மூணாவது, வயர். மீட்டரோட வர்ற இலவச வயரை ஓரமா வெச்சுட்டு, தடிமனான சிலிக்கான் வயர் ஒரு ஜோடி வாங்கறதுல எனக்கு எப்பவும் நம்பிக்கை. மீட்டரை மாத்தாம வயரை மட்டும் மாத்தியே பாதி வித்தியாசம் பார்க்கலாம்.

நாலு வயர்ல அளக்கற மில்லிஓம் மீட்டர் தனியா கிடைக்குது. தினமும் காயில் கட்டறவங்களுக்கு அது சரி. வருஷத்துக்கு நாலு கட்டர் செய்யறவங்களுக்கு அந்தச் செலவு வேண்டாம். அதே வேலையை உங்க மலிவு மீட்டர்லயே செய்யலாம். இனி சொல்லப்போறதுதான் எனக்கு இந்த எபிசோடுலயே பிடிச்ச பகுதி, கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

வயரோட மின்தடை எதனால உள்ள வருது? காயிலுக்குள்ள கரண்டை அனுப்பற வயரும், வோல்டேஜைப் பார்க்கிற வயரும் ஒண்ணா இருக்கறதால. ரெண்டையும் பிரிச்சுடுங்க. கரண்ட் ஒரு ஜோடி வயர்ல போகட்டும், வோல்டேஜை வேற ஒரு ஜோடியால பாருங்க. லார்ட் கெல்வின், அதாவது வில்லியம் தாம்சன், 1861-ல் செஞ்ச பிரிட்ஜுக்கு அடியில இருக்கறது இந்த யோசனைதான். அதனால இன்னைக்கும் இதைக் கெல்வின் முறைன்னுதான் சொல்றாங்க.

உங்ககிட்ட இருக்க வேண்டியது மூணே பொருள். ஒரு பழைய மொபைல் சார்ஜர், 5 வோல்ட், பெரிய யு.எஸ்.பி ஓட்டை இருக்கறது. புது டைப்-சி ஓட்டை சார்ஜர் வேண்டாம், அந்தப் பக்கம் சரியான ஆள் இருக்கான்னு கேட்டுட்டுத்தான் அது கரண்டே விடும். ஒரு வீணாப்போன சார்ஜிங் கேபிள், முனையை வெட்டினா சிவப்பும் கறுப்பும் தெரியும். அப்புறம் 10 ஓம், 5 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் ஒண்ணு. வெள்ளையா செங்கல் மாதிரி இருக்கும், சில ரூபாய்தான்.

சிவப்பு வயர்ல இருந்து ரெசிஸ்டர், ரெசிஸ்டர்ல இருந்து காயில், காயில்ல இருந்து கறுப்பு வயர். ஒரே வரிசை. முதலைக் கிளிப் போட்டு இணைச்சா போதும். சார்ஜரைப் போடுங்க. கிட்டத்தட்ட அரை ஆம்பியர் ஓடும். காயில் சூடாகாது, ரெசிஸ்டர் நல்லா சூடாகும், 2 வாட்டுக்கு மேல குடிக்கும். அதைத் தெர்மகோல் மேல வெச்சுட்டு என்கிட்ட சொல்லாதீங்க.

இப்ப மீட்டரை டி.சி வோல்ட்டுக்கு மாத்துங்க, ஓம்ஸ் இல்ல. முதல்ல ரெசிஸ்டரோட ரெண்டு காலுக்கும் நடுவுல, 20 வோல்ட் ரேஞ்சுல பாருங்க. 4.89-ன்னு வருதுன்னு வெச்சுக்குவோம். அடுத்து 200 மில்லிவோல்ட் ரேஞ்சுக்குப் போய், காயில் மேல ரெண்டு முனையையும் வைங்க. கிளிப் மேல வைக்கக் கூடாது. கிளிப்புக்கு உள்பக்கமா, காயிலோட கம்பியையே நேரா தொடணும். 107.6-ன்னு வருது. அதாவது 0.1076 வோல்ட். ரெண்டுலயும் ஓடறது ஒரே கரண்ட். அதனால 0.1076-ஐ 4.89-ஆல வகுத்து 10-ஆல பெருக்குங்க. 0.22 ஓம். முடிஞ்சுது.

இது ஏன் வேலை செய்யுதுன்னு பாருங்க. கிளிப்ல எவ்வளவு மின்தடை இருந்தாலும், அது உங்க முனைகளுக்கு வெளியில இருக்கு, கணக்குல வராது. மீட்டரோட வயர்ல 0.3 ஓம் இருக்கே? இருக்கட்டும். வோல்ட் பார்க்கும்போது மீட்டர் பத்து லட்சம் ஓமோ அதுக்கு மேலயோதான், அது வழியா ஓடற கரண்ட் கொசு கடிச்ச மாதிரிகூட இருக்காது. பத்து லட்சத்துக்கு முன்னாடி 0.3 என்ன? சார்ஜர் சரியா 5 வோல்ட் தர வேண்டிய அவசியமும் இல்ல, 4.8 தந்தாலும் ரெண்டு நம்பரும் சேர்ந்து குறையும், விகிதம் மாறாது. மிச்சம் இருக்கிற ஒரே சந்தேகம் அந்த 10 ஓம். சிமென்ட் ரெசிஸ்டர் 5 சதவீதம் முன்னப்பின்ன இருக்கும். அதை மட்டும் ஓம்ஸ்ல, வயர் மின்தடையைக் கழிச்சு அளந்துக்கங்க. 10 ஓம்ல 0.1, 0.2 பிசகினா ஒண்ணு ரெண்டு சதவீதம்தான், நமக்கு அது போதும். ஓம்ஸ்ல 0.5-ன்னு உளறின அதே மீட்டர் இப்ப 0.22-ன்னு தெளிவா சொல்லுது.

இந்த முறையால கிடைக்கிற இன்னொரு லாபத்தைப் பத்திப் பெரும்பாலும் யாரும் பேசறதில்ல. நிக்ரோம்ல சாதாரண ஈயம் சரியா ஒட்டாது, அதனால நாம ஸ்க்ரூ கனெக்டர்லதான் மாட்டறோம். அந்த மாட்டல் எப்படி இருக்குன்னு எப்படித் தெரியும்? செல்லைக் கழட்டிடுங்க. காயிலை மட்டும் ஒரு தடவை அளங்க. அப்புறம் ஸ்விட்சை ஆன்ல வெச்சு, செல் ஹோல்டரோட ரெண்டு தகடுக்கு நடுவுல முழு கட்டரையும் ஒரு தடவை அளங்க. ரெண்டாவது நம்பர்ல இருந்து முதல் நம்பரைக் கழிச்சா வர்றது உங்க ஸ்க்ரூ, ஸ்விட்ச், வயர், ஹோல்டர் எல்லாத்தோட மின்தடை. 0.02, 0.03-ன்னா அருமை. 0.1 வந்தா? 5 ஆம்பியர் ஓடும்போது 5 பெருக்கல் 5 பெருக்கல் 0.1, இரண்டரை வாட். கேக்க சின்னது. ஆனா அது ஒரு ஸ்க்ரூ முனைல, பிளாஸ்டிக்குக்குள்ள உக்காந்துட்டு இருக்கும். கட்டர் கைப்பிடி சுடுதுன்னு நிறைய பேர் எழுதறீங்க இல்லையா? கம்பியோட சூடு கைக்கு வரலை. உங்க ஸ்க்ரூதான் சுடுது.

அளந்துட்டு இருக்கும்போதே காயிலை லேசா ஆட்டிப் பாருங்க. நம்பர் குதிச்சா மாட்டல் லூஸ். முதல் தடவை சூடாக்கி ஆறினதுக்கு அப்புறம் ஸ்க்ரூவை இன்னொரு தடவை முறுக்கிட்டுத் திரும்ப அளங்க. சூட்டுல கம்பி நீண்டு சுருங்கும்போது பிடி தளரும்.

சில விஷயங்களை வேகமா சொல்லிடறேன். செல் மாட்டியிருக்கும்போது ஓம்ஸ் மோடுல அளக்கவே கூடாது. வர்ற நம்பருக்கு அர்த்தம் இல்லைங்கறது ஒரு பக்கம், மீட்டரே போயிடலாம். மீட்டரோட பேட்டரி இறங்கியிருந்தாலும் அது தெம்பா ஏதோ ஒரு நம்பர் காட்டும், திரை ஓரத்துல பேட்டரி படம் வந்தா அளக்கறதை நிறுத்திடுங்க. கம்பி மேல கரி படிஞ்சிருந்தா தேய்ச்சுட்டு முனையை வைங்க.

சரியான நம்பர் கையில வந்தாச்சு. அதை வெச்சு என்ன முடிவு எடுக்கறது? செல்லைப் பாருங்க. 18650-ங்கறது வெறும் அளவு, 18 மி.மீ விட்டம், 65 மி.மீ நீளம். அது எவ்வளவு கரண்ட் தாங்கும்னு அந்தப் பெயர்ல எதுவும் இல்ல. சாம்சங் 25ஆர் மாதிரி செல்லுக்குத் தொடர்ந்து 20 ஆம்பியர்னு கம்பெனியே சொல்லுது. பழைய லேப்டாப் பேக்குல இருந்து கழட்டின செல் அந்த ஜாதி இல்ல, நிதானமா ரொம்ப நேரம் கொடுக்கறதுக்காகச் செஞ்சது. மேல "9900 எம்.ஏ.ஹெச்"-னு அச்சடிச்ச செல்லை நீங்க பார்த்திருப்பீங்க. இந்த அளவுல நல்ல கம்பெனி செல்லே 3,500 பக்கம்தான் வரும். கொள்ளளவுலயே இவ்வளவு பெரிய பொய் அச்சடிக்கறவன், ஆம்பியர்ல மட்டும் உண்மை எழுதுவானா?

நான் வெச்சிருக்கிற கணக்கு இது. செல்லோட ரேட்டிங்ல பாதிக்கு மேல போக மாட்டேன். சாதாரணமா தெர்மகோல் வெட்டற வில்லுக்கு இது பிரச்சினையே இல்ல. 28 எஸ்.டபிள்யூ.ஜி, 20 செ.மீ கம்பின்னா கிட்டத்தட்ட 2 ஓம், முழு சார்ஜ்ல 2 ஆம்பியர் சொச்சம். லேப்டாப் செல்லே தாங்கும், தெர்மகோல் வெண்ணெய் மாதிரி வெட்டும். பிரச்சினை வர்றது சின்ன முனைகள்லதான். என் நண்பனோட 0.22 ஓம் முனைக்கு வேண்டியது 5 ஆம்பியர் பக்கம். அதுக்கு 1.1 வோல்ட் போதும், அவன் கொடுத்தது 4.2. செல்லை நேரா மாட்டற சமாச்சாரமே இல்ல அது. கரண்டைக் கட்டுப்படுத்தற வசதியோட வர்ற பக் கன்வெர்டர் போர்டு ஒண்ணை நடுவுல போடணும். இப்ப அவன் அப்படித்தான் ஓட்டறான். எந்த கட்டரா இருந்தாலும் செல்லுக்குப் பக்கத்துல ஒரு ஃபியூஸ் இருக்கணும், இதுல பேரம் கிடையாது. ரெண்டு கம்பியைச் சேர்த்து முறுக்கினா மின்தடை பாதியாகும், கரண்ட் ரெட்டிப்பாகும்ங்கறதையும் மறந்துடாதீங்க. கம்பி தொய்யுதுன்னு முறுக்கிடறாங்க. தொய்யாம இருக்க ஒரு ஸ்பிரிங் போடுங்க.

வெட்டும்போது ஜன்னலைத் திறந்து வைங்க, தெர்மகோல் உருகினா ஸ்டைரீன் ஆவி வரும். பி.வி.சி ஃபோம் போர்டு, கடைல சன்போர்டுன்னு கேட்டா கொடுக்கறது, அதைச் சூடான கம்பியால வெட்டவே வேண்டாம். அதுல வர்றது ஹைட்ரஜன் குளோரைடு. அதுக்கு பிளேடுதான்.

கேள்வி இருந்தா வழக்கம்போல வாய்ஸ் நோட் அனுப்புங்க. "24 கேஜ் போட்டேன், கணக்கு வரலை"ன்னு அனுப்பறவங்க, எஸ்.டபிள்யூ.ஜியா ஏ.டபிள்யூ.ஜியான்னு சேர்த்துச் சொல்லுங்க. உங்க மீட்டரோட ரெண்டு முனையைச் சேர்த்தா எவ்வளவு வருதுன்னும் சொல்லுங்க. அது ரெண்டும் இல்லாம என்னால பதில் சொல்ல முடியாது.